படத்தில் பறந்த மஞ்சள் கார்

ஜூலை 5, சனி

வெயில். காலை எட்டு மணிக்கே போர்ச்சின் தகரம் கொதிக்கிறது. இடது முன்கதவுக்கு மூன்றாவது தடவையாக உப்புத்தாள். தோள்பட்டை விண்ணென்று வலி.

மீதி வேலை:
– இடது பக்கக் கதவுகள் இரண்டுக்கும் மஞ்சள் பெயிண்ட்
– கூரை மேல் நான்கு வட்ட விளக்குகள்
– பின்னால் அலுமினிய இறக்கை (நட்டு நான்கு குறைகிறது)
– கறுப்புப் பட்டை. நேர்கோடு என் வீட்டுக்காரர் ஜெ. கைக்கு வராது. நானேதான்.

கோயில் குடும்ப தினம் 27ஆம் தேதி. மைதானத்தில் பெரிய மரத்தடியில் காரை நிறுத்திக்கொள்ளலாம் என்று ஃபாதர் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் மறுபடியும் படத்தை ஓடவிட்டு நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். யாரோ பழைய டேப்பிலிருந்து ஏற்றியது. கதாநாயகன் முகம் முழுக்கப் பச்சை. முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் சென்னையிலிருந்து ஆட்கள் வந்து ஈப்போ சுற்றுவட்டாரத்தில் எடுத்த படம். ஒரு வாரம் கூட ஓடவில்லை. ஆனால் அந்த மஞ்சள் கார்! சுண்ணாம்பு மலை பின்னால் தெரிய, பலகைச் சரிவில் ஏறி, ஈயம் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் தேங்கிய ஈயக்குட்டையைத் தாண்டி எதிர்க்கரையில் விழும். நாயகன் சட்டையும் விக்கும் போட்டுக்கொண்டு ஓட்டியது என் அண்ணன் அந்தோணி. கடைசியில் ஓடும் பெயர்களில் அண்ணன் பெயர் இல்லை. இருநூறு தடவையாவது தேடியிருப்பேன்.

அதற்காகத்தான் ஒரு பழைய காரை அதே மாதிரி ஆக்கும் இந்த எட்டு மாதப் பாடு. ஏர்கோன் ஃபேக்டரியில் இருபது வருஷம் வயர் பூட்டிய கை. வயரிங் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. பட்டி பூசுவதுதான் வராது.

ஜூலை 6, ஞாயிறு

பூசை முடிந்து வாசலில் ஒரு அக்கா: "ரெஜினா, டெக்சி ஓட்டப் போறியாமே? பெயிண்ட் அடிக்கிறத பாத்தேன்." சிரித்து வைத்தேன்.

அண்ணனுக்குப் போன். பாரிட் புந்தாரில் மகள் வீட்டில் இருக்கிறார். இடது கண் பார்வை போனதிலிருந்து லோரி ஓட்டுவதில்லை. காரைப் பார்க்க வாருங்கள் என்றால் எப்போதும் ஒரு சாக்கு. முழங்கால் வலி. ரயிலில் இடமில்லை. பேத்திக்குக் காய்ச்சல். இன்று ஜெ. போனைப் பிடுங்கினார்.

"மச்சான், கோழிப் பெரட்டல் செய்றேன். சனிக்கிழம வாரீங்க. முடிஞ்சிச்சி."

வருகிறாராம்! என் பேச்சுக்கு வராத ஆள் கோழிக்கு வருகிறார்.

ஜூலை 8, செவ்வாய்

மழை. ஃபேக்டரியில் ஓவர்டைம். நட்டு வாங்க மறந்தேன்.

ஜெ. காருக்கு முன்னால் வைக்கப் பலகை எழுதிவிட்டார். வாத்தியார் வேலை முடிந்து நாலு வருஷம் ஆகியும் அந்தக் கையெழுத்து அப்படியே இருக்கிறது. "இதே போன்ற காரில் ஈயக்குட்டையைத் தாண்டிப் பறந்தவர்: நம் அந்தோணி." அம்மா இருந்திருந்தால் பலகையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருப்பார். சாகும்வரை கோயிலில் ஒருவர் விடாமல் சொன்னவர்.

ஜூலை 12, சனி

அண்ணன் வந்தார். ஸ்டேஷனில் இருந்து வீடுவரை பேச்சு எல்லாம் நெல் விலையும் பேத்தியும்தான்.

காரைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். பானட்டைத் தொட்டார். "கெட்டிக்காரி" என்றார். கதவைத் திறந்து "உக்காருங்கண்ணே" என்றேன். "கண்ணு சரியில்ல" என்றார். உட்காரக் கண் எதற்கு?

சாப்பாட்டு நேரத்தில் ஜெ. பெருமையாகப் பலகையைக் கொண்டு வந்தார். அண்ணன் படித்தார். பலகையைக் கிட்டே இழுத்து இன்னொரு தடவை. கோழித் தட்டைத் தள்ளி வைத்தார்.

"ரெஜி, இதுல என் பேர போடாத."

"ஏண்ணே? படத்துலதான் போடல. நம்ம கோயில்லயாவது..."

"நான் ஓட்டல."

விளையாடுகிறார் என்று நினைத்தேன். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஒத்திகைக்குப் பலக மேல ஏறி நின்னு பாத்தேன். தண்ணிதான் தெரிஞ்சிச்சி. எறங்கி ரப்பர் மரத்துக்குப் பின்னால போயி வாந்தி எடுத்தேன். முனியாண்டி பின்னாலயே வந்தான். சட்டைய கழட்டுன்னான். விக்க மாட்டிக்கிட்டான். போயி ஓட்டிட்டான்."

முனியாண்டி, அண்ணன் ஓட்டிய தோட்டத்து லோரியில் கெலிண்டானாக, அதாவது கிளீனராக, கூடவே போன ஆள். எங்கள் லயத்தில் நான்காவது வீடு.

"நான் பாத்தேண்ணே. அம்மாவும் நானும் கயித்துக்குப் பின்னாலதான் நின்னோம். ஒங்கள பாத்தேன்."

"சட்டையத்தான் பாத்த."

ஜெ. பலகையைத் திருப்பிச் சுவரில் சாய்த்தார். பிறகு நானே கேட்டேன், ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று.

"அவன் சட்டைய திருப்பிக் குடுத்துட்டான். அத போட்டுக்கிட்டு மரத்துக்குப் பின்னாலேந்து வாரேன், அம்மா ஓடி வந்து கட்டிப் புடிச்சிட்டாங்க. எம்புள்ள எம்புள்ளன்னு அழுவுறாங்க. என்னா சொல்லுவேன்? டைரக்டருக்குக் கார் பறந்தா போதும், அவரும் வாய தொறக்கல. அதுக்கப்பறம் முனியாண்டி மூஞ்சிய பாக்கவே முடியல. அவன் வார வழியில நான் போவ மாட்டேன்."

ஜூலை 13, ஞாயிறு

அண்ணன் முதல் ரயிலுக்கே போய்விட்டார். நான் பூசைக்குப் போகவில்லை. கோபம். பொய் சொன்னதற்கா, இத்தனை வருஷம் தனியாகச் சுமந்ததற்கா, தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லிச் சொல்லியே எத்தனை பேரோடு கூட்டாளியானேன்.

காரைத் தொடவில்லை. துணி போட்டு மூடினேன்.

ஜெ.: "கார் என்னா தப்பு செஞ்சிச்சி?"

மதியம் துணியை எடுத்தேன். இடது பின்கதவு. முதல் பூச்சு.

ஜூலை 16, புதன்

இரண்டாம் பூச்சு. சொட்டு இல்லை, குமிழி இல்லை. என் வாழ்நாளிலேயே நல்ல கதவு. தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்திக் காட்டலாம் போல இருந்தது.

அண்ணனே போன் செய்தார். எப்போதும் நான்தான் கூப்பிடுவது. "முனியாண்டி செமோர்லதான் இருக்கானாம். விசாரிச்சிட்டேன். சனிக்கிழம என்னைய கூட்டிக்கிட்டுப் போறியா? தனியா போவ தைரியம் இல்ல."

தைரியம் இருக்கிறது என்று சொல்லியிருந்தால்தான் பயந்திருப்பேன். போகலாம் என்றேன்.

ஜூலை 19, சனி

செமோர். எழுதி முடிக்காமல் தூங்கக் கூடாது.

முனியாண்டி அண்ணன் வேலியோரம் வெண்டைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். தலை முழு வழுக்கை. பள்ளிக்கூடத்தில் தோட்டவேலை செய்கிறாராம். அண்ணனைப் பார்த்ததும் குழாய் கையிலிருந்து விழுந்து ஜெ.யின் செருப்பெல்லாம் சேறு.

அண்ணன் வாசலிலேயே நின்று சொல்ல ஆரம்பித்தார். மனப்பாடம் பண்ணி வந்திருக்கிறார், பாவம். பாதியில் திக்கியது. "ஒனக்கு வர வேண்டிய பேர நான்..."

"இரு, இரு. இதுக்கா என்னைய பாத்தா ரோட்ட மாத்திப் போன?"

"ஆமா."

முனியாண்டி அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"டேய், எனக்கு லைசென்சே இல்லடா! மானேஜருக்குத் தெரிஞ்சிருந்தா வேல போயிருக்கும். எங்கம்மாவுக்குத் தெரிஞ்சிருந்தா முதுகுத் தோலு போயிருக்கும். ஓட்டுனது அந்தோணின்னு ஒங்கம்மா ஊரெல்லாம் சொன்னாங்க பாரு, அன்னைக்கு மாரியம்மன் கோயில்ல தேங்கா ஒடைச்சேன் நானு."

"தேங்காவா?" என்றார் அண்ணன்.

"நீ பேசாம போனதும் நான் என்னா நெனச்சேன் தெரியுமா? ஒன் சட்டைய புடுங்கிப் படக்காரங்க முன்னால ஒன்னைய கேவலப்படுத்திட்டேன்னு கோவம், அப்படின்னு. ரெண்டு தரம் ஒங்க வீட்டு வாசவரைக்கும் வந்து திரும்பிட்டேன்."

அண்ணன் குழாய்க்கட்டையில் உட்கார்ந்துவிட்டார். அழுகையா சிரிப்பா தெரியவில்லை. முனியாண்டி அண்ணன் மனைவி கோப்பி கொண்டு வந்து, எங்களைப் பார்த்துவிட்டு, மறுபடியும் உள்ளே போய் சீனி அதிகம் போட்டு எடுத்து வந்தார். ஏன் சீனி என்று கேட்கவில்லை. நன்றாக இருந்தது.

வெண்டைக்காய் ஒரு பை.

ஜூலை 20, ஞாயிறு

முனியாண்டி அண்ணன் காரைப் பார்க்க வந்தார். அண்ணன் எங்கள் வீட்டில்தான் தங்கல். இருவரும் காலையிலிருந்து ஓயாத பேச்சு. பூசையில் ஃபாதர் கூட இவ்வளவு பேசவில்லை.

முனியாண்டி அண்ணன் வலது பக்கம் பார்த்து "அதேதான், அதேதான்" என்றார். இடது பக்கம் வந்ததும் நின்றார். என் கதவு! பாராட்டப் போகிறார் என்று துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"ரெஜினா, இந்தப் பக்கம் பெயிண்ட்டே கிடையாது லா."

"என்னா?"

"கேமரா வலது பக்கந்தானே? பெயிண்ட் பத்தல. இந்தப் பக்கம் பழைய பச்ச, துரு, மேல சேறு அப்பியிருந்திச்சி."

அண்ணனைப் பார்த்தேன். "ஆமா" என்றார். "போன வாரம் வந்தப்பவே சொல்லலாம்னு பாத்தேன். ஒரு நாளைக்கி ஒரு உண்ம போதும்னு விட்டுட்டேன்."

ஜெ. போர்ச் தூணைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். அசல் மாதிரியே வேண்டும் என்றால் உரிக்க வேண்டுமாம். உரிக்க மாட்டேன். என் காருக்கு இரண்டு பக்கமும் மஞ்சள்தான்.

பலகையை என்ன செய்வது என்று அண்ணனிடம் கேட்டேன். "வெறும் காரா நிப்பாட்டு. மத்தத நான் சொல்றேன்" என்றார். பலகையைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தேன்.

ஜூலை 25, வெள்ளி

இறக்கை பூட்டியாயிற்று. விளக்கு நான்கும் எரிகிறது. கறுப்புப் பட்டை நேர். கிட்டத்தட்ட.

ஜூலை 27, ஞாயிறு

குடும்ப தினம். மேகமூட்டம், மழை இல்லை. ஓடும் கார்தான்; ரோட் டேக்ஸ் இல்லாததால் இழுவை லோரியில் ஏற்றிப் போனோம். மரத்தடியில் நின்றபோது போர்ச்சில் பார்த்ததைவிட அழகு. டெக்சி அக்கா மூன்று படம் பிடித்துக்கொண்டார்.

சாப்பாட்டுக்கு முன்னால் அண்ணன் மைக்கை வாங்கினார்.

"எங்கம்மா ஒங்ககிட்ட எல்லாம் ஒரு கத சொல்லியிருப்பாங்க. அவங்க பொய் சொல்லல. அவங்களுக்குத் தெரியாது. அந்தக் கார ஓட்டுனது நான் இல்ல, அந்தா நிக்கிறானே, அவன். நான் மரத்துக்குப் பின்னால வாந்தி எடுத்துக்கிட்டு இருந்தேன்."

பின்னாலிருந்து ஒரு கிழவர்: "நானா இருந்தா மரத்து மேலயே ஏறியிருப்பேன்." கைதட்டல், சிரிப்பு. முனியாண்டி அண்ணனைப் பிடித்து இழுத்துக் காருக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். வழுக்கையைத் தடவிக்கொண்டு "விக்கு இருந்தா குடுங்க" என்கிறார்.

எனக்கு அம்மா ஞாபகம். இதையும் அவர் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பார்.

நாலரைக்கு எல்லோரும் போய்விட்டார்கள். மைதானம் காலி. நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். முனியாண்டி அண்ணன் ஓட்டுநர் கதவைத் திறந்து பிடித்திருந்தார்.

"ஏறு மச்சான்."

"கண்ணு தெரியாதுடா."

"மைதானத்துல என்னா இருக்கு, ஈயக்குட்டையா? நான் பக்கத்துல உக்காந்து சொல்றேன். ஏறு."

அண்ணன் ஏறினார். முனியாண்டி அண்ணன் அந்தப் பக்கம். நானும் ஜெ.யும் பின்சீட்டில். நடக்கிற வேகம்தான். "நேரா... இப்ப வலது... போதும் போதும்..." அண்ணன் தோள் இரண்டும் காதுவரை ஏறி இருந்தன. கோல் கம்பத்தை ஒருமுறை சுற்றினோம். இரண்டாவது சுற்றில் தோள் இறங்கியது. மூன்றாவது சுற்றில், எதிரே ஒரு பூனை கூட இல்லாத மைதானத்தில், ஹார்ன் அடித்தார். நீளமாக. இன்னொரு தடவை.

நான்காவது சுற்றில் பெட்ரோல் தீர்ந்துவிட்டது. அண்ணன் இறங்க மாட்டேன் என்றார். நாங்கள் மூன்று பேரும் தள்ளினோம்.