செய்தித்தாளை வெளியே கொண்டுபோகக் கூடாது

அண்ணே,

உங்களை நூலகத்தைவிட்டு வெளியே போகச் சொன்னது அநியாயம். அதை அநியாயம் என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். எழுதியும் வைக்கிறேன்.

இன்று காலை உத்திரமேரூர் பஸ்ஸுக்குப் போகும்போது நம் ஊர் நூலகத்துக் கதவருகே மைதாப் பசை வாசனை அடித்தது. அப்போதுதான் ஒட்டிய நோட்டீஸ். ஓரத்தில் பசை இன்னும் வழிந்துகொண்டிருந்தது. வருகிற மாதத்திலிருந்து நடக்கப்போகும் நிகழ்ச்சிகள். குழந்தைகளுக்குக் கதை நேரம், மாணவர்களுக்குப் புத்தக அறிமுகம். கடைசியில் ஒரு வரி: ‘பெரியவர்களுக்கு உரக்க வாசிப்பு. சனிக்கிழமை காலை பதினொரு மணி. படிக்கத் தெரியாதவர்களும் வரலாம்.’

பஸ்ஸை விட்டுவிட்டு அந்த வரியையே பார்த்துக்கொண்டு நின்றேன். எதைச் செய்தீர்கள் என்று உங்களை அனுப்பினார்களோ, அதைச் செய்ய இன்றைக்கு எல்லாரையும் அழைக்கிறார்கள். உங்கள் பெயர் மட்டும் எங்கும் இல்லை.

உத்திரமேரூர்க் கோயில் சுவரெல்லாம் எழுத்து. நம் தெருவில் அன்றைக்குப் பாதிப் பேருக்கு எந்த எழுத்தும் வெறும் கோடுதான். நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்வந்த பெண்கள் மாலையில் நூலகத்து நீள மேசையைச் சுற்றி உட்காருவோம். நீங்கள் தாளை விரித்து, நின்றுகொண்டே படிப்பீர்கள். “கேக்கறவங்க உக்காரணும், படிக்கறவன் நிக்கணும். அப்பத்தான் வளவளன்னு இழுக்காம முடிப்பான்” என்பீர்கள். முதலில் மழை, பிறகு நெல் விலை, அதற்கப்புறம்தான் கட்சிக்காரர்கள் சண்டை. நான் எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்தவள். உங்கள் விரல் போகும் வரியைத் தலைகீழாகப் பார்த்துப் பார்த்தே எழுத்தைப் பிடித்துக்கொண்டேன். யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, நீங்களும்தான். இப்போதும் டீக்கடையில் எதிரே இருப்பவரின் பேப்பரை இந்தப் பக்கமிருந்தே படித்து முடித்துவிடுகிறேன்.

அன்றைக்கு நெல் எடை போடுவதில் நடந்த திருட்டைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தீர்கள். எடைக்காரனைப் போலவே நீங்கள் முழித்துக் காட்ட, நாங்கள் கைகொட்டிச் சிரித்தோம். வாசகர் வட்டத் தலைவர் வந்து நின்றதை யாரும் பார்க்கவில்லை.

“இது இன்னா லைப்ரரியா, வாலாஜாபாத் சந்தையா? சேத்துக் காலோட வந்து கும்பலா குந்திக்கினு! எழுந்து வெளிய போங்க.”

சுவரில் இருந்த ‘அமைதி காக்கவும்’ பலகையைக் காட்டினார். நீங்கள் தாளை ஓரம் பார்த்து மடித்து வைத்துவிட்டு வெளியே வந்தீர்கள். பின்னாலேயே நாங்களும்.

“ஏண்ணா, ஒரு வார்த்த திருப்பிக் கேக்கக் கூடாதா?” என்றேன்.

“கேட்டா அதையும் சத்தம்பான்.”

அந்தப் பதில் எனக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை.

ஆனால் நீங்கள் விட்டுவிடவும் இல்லை. செய்தித்தாளை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது விதி. அதனால் உள்ளே போய், உதடு அசையாமல் ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு, வெளியே புங்கமரத்தடிக்கு வந்து எங்களிடம் சொல்வீர்கள். பிறகு அடுத்த பக்கத்துக்கு மறுபடி உள்ளே. களையெடுப்பில் எனக்குப் பக்கத்து வரிசைக்காரி கன்னியம்மா உங்களை லேசில் விடமாட்டாள்.

“கெணத்துல வுழுந்துச்சே ஒரு பொண்ணு, அது பொழச்சிக்கிச்சா இல்லியா?”

“அத கவனிக்கலயேம்மா.”

“போய்ப் பாத்துட்டு வாண்ணா. அது தெரியாம நான் எப்டி வூட்டுக்குப் போயி சோறாக்கறது?”

போவீர்கள். திரும்பி வரும்போது வாசற்படியிலிருந்தே “பொழச்சிக்கிச்சு!” என்று கத்துவீர்கள். உள்ளேயிருந்து ‘உஷ்’ என்று கேட்கும். கன்னியம்மா முந்தானையை உதறிக்கொண்டு சோறாக்கக் கிளம்புவாள்.

நீங்கள் படுக்கையில் விழும்வரை அந்த மரத்தடிதான். உள்ளே வந்து படியுங்கள் என்று நீங்கள் கண்ணை மூடும்வரை ஒருவர்கூடத் திரும்பக் கூப்பிடவில்லை.

அதனால்தான் இன்று உள்ளே போனேன். புதிதாக வந்திருக்கும் நூலகர் பெண் என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

“வாங்க பெரிம்மா. நானே வரலாம்னு இருந்தேன். டீக்கடைல நீங்க பேப்பர் படிக்கறதப் பாத்திருக்கேன். மொத நாள் நீங்கதான் படிக்கணும்.”

“படிக்கறேன். யாருக்கு, இந்த செவுத்துக்கா? பதினோரு மணிக்கு எல்லாம் நடவுல குனிஞ்சிக்கினு இருப்பாளுங்க.”

“சாயந்தரம்னா எக்ஸாம் பசங்க இருப்பாங்க. அவங்களுக்குச் சத்தம் ஆகாது பெரிம்மா.”

“அப்ப நாங்க மறுபடி மரத்தடிக்கா? அது நடக்காது. உள்ளதான், இந்த மேசைலதான். இல்லன்னா நோட்டீச கிழிச்சிட்டுப் போறேன்.”

கிழித்திருப்பேன். பசை இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.

அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் அதே மேசையிலிருந்து தலைதூக்கினார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒற்றை அறை வீட்டில் டிவி சத்தத்துக்கு நடுவே எப்படிப் படிப்பார்கள்? அவர்களில் ஒருத்தி எழுந்தாள். கன்னியம்மாவின் பேத்தி.

“வாரத்துல ஒரு மணி நேரந்தான ஆயா. நாங்க மரத்தடில பெஞ்ச் போட்டுக்கினு படிக்கறோம். எங்கம்மா களைக்குப் போயிட்டு நேரா வரும். எங்க ஆயாவ நான் இட்டுக்கினு வரேன். ஃபேனுக்குக் கீழ எடம் போட்டு வைங்க.”

“மழ வந்தா?” என்றான் ஒரு பையன்.

“வந்தா உள்ள வந்து நீயும் கேளு. அதனால உன் வேல ஒண்ணும் பூடாது” என்றாள் பேத்தி.

நூலகர் சிரித்துவிட்டார். வெளியே போய் நோட்டீஸில் பதினொன்றை அடித்து, மாலை ஐந்தரை என்று எழுதினார்.

எனக்கு மனம் ஆறிவிடவில்லை அண்ணே. ஆறவும் விடமாட்டேன். ஆனாலும் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரு செய்தியை எந்த இடத்தில் நிறுத்தினால் சிரிப்பு வரும் என்று உங்களைப் போலவே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். நின்று படிப்பதும், மழையில் தொடங்குவதும், கேட்டவளைப் பதிலில்லாமல் வீட்டுக்கு அனுப்பாததும் என்னிடம் அப்படியே இருக்கின்றன.

இனி ஆக வேண்டியதைச் சொல்கிறேன். ‘அமைதி காக்கவும்’ பலகையை அந்த ஒரு மணி நேரத்துக்கு இறக்கி வைக்க வேண்டியது நூலகர். மேசையைச் சுற்றி நாற்காலிகளைத் துடைத்துப் போட வேண்டியது வாசகர் வட்டத்தார். எங்களை எழுப்பிவிட்டவர்கள்தான் உட்கார வைக்கவும் வேண்டும். சேற்றுக் காலோடு வருகிறவர்களுக்கு வாசலில் தண்ணீர் வைக்க வேண்டியது பஞ்சாயத்து. பிள்ளைகளுக்கு மரத்தடியில் விளக்குப் போட வேண்டியதும் பஞ்சாயத்துதான். இந்த ஊரில் முதலில் உரக்கப் படித்தது யார் என்று எல்லார் முன்னாலும் உங்கள் பெயரைச் சொல்ல வேண்டியது வாசகர் வட்டத்தின் இன்றைய தலைவர். அவர் சொல்லும்வரை நான் வாய் திறக்கமாட்டேன். கன்னியம்மாவைக் கைபிடித்துக் கூட்டிவர வேண்டியது அவள் பேத்தி. நின்று படிக்க வேண்டியது நான். கன்னியம்மா குறுக்கே எதையாவது கேட்டால் பார்த்துச் சொல்ல வேண்டியதும் நான்தான். இந்த முறை தாள் கையிலேயே இருக்கும்.