ஃபைலுக்குள் இருந்த இடம்

மச்சான், இன்று காலை பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது உன்னிடமிருந்து மெசேஜ் வந்தது. "டேய், எடம் ரொம்பிகினு வருது. ஜல்தி பாரு. அப்புறம் எங்கிட்ட வந்து அழுவாத." பாதி டீ என் சட்டையில் கொட்டிவிட்டது. நீ போன பிறகு உன் பேச்சைக் கேட்பது இதுதான் முதல் தடவை.

அப்புறம்தான் உறைத்தது. நம் பட்டுக் கடையின் டிசைன் டேட்டாபேஸ் நிரம்பப் போனால் தானாக எச்சரிக்கை அனுப்பும்படி நீதானே எழுதி வைத்தாய்! ஊரெல்லாம் அதை இங்கிலீஷில் வைக்கும். உனக்கு மட்டும் என்னைத் திட்ட ஒரு வழி வேண்டும்.

நாம் வைத்திருப்பது இலவசமாகக் கிடைக்கிற டேட்டாபேஸ். ஃபைல் ஓர் அளவுக்கு மேல் வளராது. அந்த அளவைத் தொட்டுவிட்டால் புது டிசைன் ஏறாது, தறிக்கும் போகாது. ஆவணி முகூர்த்த நேரத்தில் தறி சும்மா நின்றால் நெசவாளர்கள் என்ன செய்வார்கள்? முதலாளி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "விக்காத பழைய டிசைன எல்லாம் சாயங்காலத்துக்குள்ள அழிச்சிடுப்பா. பேஜார் உடும்."

பழையதில் முக்கால்வாசி நீ வரைந்தது. உன் நல்ல போட்டோ ஒன்றுகூட என்னிடம் இல்லை மச்சான், இருப்பது அவைதான்.

நம் கடைப் பழக்கம் உனக்குத் தெரியாததா? பச்சை பார்டருக்குப் பதில் அரக்கு பார்டர் கேட்டால், புடவை முழுவதையும் புதிதாக இன்னொரு தரம் சேமிப்போம். நீ களம்பூர் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போதே அதைச் சொல்லிக் கத்துவாய். "ஒரு ஒடம்பு, பத்து சட்ட. சரி. பத்து ஒடம்பு எதுக்குடா?" புடவையின் உடலை ஒரு முறை மட்டும் வைத்து, பார்டரையும் முந்தியையும் தனித்தனியாகப் பிரித்து, கேட்கும்போது சேர்த்துக்கொள்ளும் வேலையை நீதான் ஆரம்பித்தாய். பாதியில் ஆஸ்பத்திரிக்குப் போனாய்.

மீதியை இன்று நான் முடித்தேன். சோற்றுக்குக்கூட எழவில்லை. சேர்த்துப் பார்த்தால் ஓர் இழை பிசகவில்லை. அதன் பிறகே திரும்பத் திரும்பச் சேமித்த நகல்களை நீக்கினேன். முதலாளி ஃபைல் அளவைப் பார்த்துக் குதித்தார். "காலையில இருந்து பண்ணிகினு கீற, ஒண்ணும் கொறயலியேப்பா!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதையே ஒரு தரம் நான் கேட்டு உன்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேனே. "பீரோல இருந்து பொடவய எடுத்தா பீரோ சின்னதாயிடுமா? உள்ள எடம் காலியாவும்டா லூசு." லூசை மட்டும் விட்டுவிட்டு அப்படியே சொன்னேன். உள்ளே பாதிக்கு மேல் காலியாக இருப்பதைக் காட்டினேன். புது டிசைன்கள் அதிலேயே உட்கார்ந்துகொள்ளும், ஃபைல் வளர வேண்டியதில்லை. எச்சரிக்கையும் இனி வெளி அளவோடு உள்ளே மிச்சமிருக்கும் இடத்தையும் பார்க்கும்படி மாற்றினேன். உன் டிசைன் ஒன்றையும் அழிக்கவில்லை மச்சான்.

சாயங்காலம் கண்ணமங்கலத்திலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வந்தார்கள். பழைய டிசைன்களை ஓட்டிக் காட்டும்போது, இரண்டு அன்னம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்குமே, உன் பார்டர், அது வந்தது. சண்டை போட்ட அன்னம் முகூர்த்தத்துக்கு ஆகாது என்று முதலாளி ஓரங்கட்டியது. கல்யாணப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். "எங்க அம்மா அப்பா மாதிரியே கீதுங்க! எனக்கு இதான் வேணும்." அவள் அம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"யாருண்ணா வரைஞ்சது?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"என் ஃபிரண்டும்மா. இந்தக் கடையிலதான் வேல செய்றான்" என்றேன்.

செய்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் சொன்னது பொய்யும் இல்லை. நாளைக் காலை உன் அன்னம் தறி ஏறுகிறது, மச்சான்.