ஈரக்கழிவு

சௌடேஸ்வரி அம்மன் துணை

அருப்புக்கோட்டை
விஷு வருஷம் ஆனி 3

சிரஞ்சீவி முத்துமணிக்கு அப்பா எழுதுவது. இந்த வெயிலுக்கு எவ்வளவு சுகமாக இருக்க முடியுமோ அவ்வளவு சுகமாக நானும் உன் அம்மாவும் இருக்கிறோம். அங்கே மழை பிடித்துவிட்டதாக எழுதியிருந்தாய், நனையாமல் இரு. நீ பம்பாயில் கழித்துப் போட்ட பதினெட்டுப் பேல் பஞ்சும் நம்முடையது. தண்ணீர் தெளித்ததும் நான்தான். சுற்றி வளைத்துச் சொல்லத் தெம்பு இல்லை, அதனால் முதலிலேயே எழுதிவிட்டேன்.

உன் கடிதத்தை உன் அம்மா மூன்று தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். ஈரம் பார்க்கிற மெஷின் கோளாறாகிக் கிடந்த அன்று நீ பேலுக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டுப் பஞ்சை உருவிக் கன்னத்தில் வைத்துப் பார்த்ததும், கூட வேலை பழக வந்த பையன்கள் சிரித்ததும், மறுநாள் மெஷின் சரியாகி நீ சொன்னதையே சொன்னதும், துரை உன் முதுகில் தட்டினதும் அவளுக்குப் பாடம். கோயிலில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லியாகிவிட்டது. லீவுக்கு இரண்டு மாதம் வேலை பழகப் போன பிள்ளையை வெள்ளைக்காரன் தட்டிக்கொடுத்தான் என்று அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை. அதே கடிதத்தில் நீ இன்னொன்றும் எழுதியிருந்தாய். நம்ம பக்கத்துக் கருங்கண்ணிப் பஞ்சுதான், முகர்ந்ததுமே தெரிந்தது, அங்கே எந்தத் திருடன் இப்படிச் செய்கிறான், எப்படித் தெளிக்கிறான் என்று விசாரித்து எழுதுங்கள், என் ரிப்போர்ட்டில் சேர்க்க வேண்டும், ரிப்போர்ட்டு நன்றாக இருந்தால் படிப்பு முடிந்ததும் கம்பெனியிலேயே வேலை தருவதாகத் துரை சொல்கிறார் என்று. அதை வாசித்தபோது நான் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். எனக்கும் அப்போது சந்தோஷம்தான். நம்முடைய பஞ்சு என்று தெரியாதே.

செவ்வாய்க்கிழமை கம்பெனியின் இவ்வூர் ஏஜெண்டு சங்கரபாண்டியன் தந்தியோடு கடைக்கு வந்தார். லாட்டு நம்பரைப் போட்டு, விற்றவன் பெயரை உடனே எழுது என்று பம்பாயிலிருந்து கேட்டிருக்கிறார்கள். அவர் புஸ்தகத்தைப் புரட்டினால் மாசி மாதம் நான் போட்ட சரக்கு. கண்டுபிடித்த பையன் பெயரும் தந்தியில் இருந்தது. செட்டியாரே, நல்லாத்தான் பிள்ளை வளத்திருக்கீக, ஊரான் பஞ்ச விட்டுட்டு அப்பன் பஞ்சாப் பாத்துக் கையை விட்டிருக்கானே என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீ கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். கொட்டை நீக்கி அரைத்த பஞ்சை மெத்தை மெத்தையாகப் பரப்பி, வேப்பங்குழையை வாளியில் முக்கி உதற வேண்டும். மேல் அடுக்கில் ஒரு சொட்டு விழக்கூடாது. நடுவில்தான். நீ பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரமாகப் பார்த்துத் தெளிப்போம், அதனால் உனக்குத் தெரியாது. கன்னத்தில் வைத்துப் பார்ப்பதை மட்டும் நான் காட்டில் விளைவித்துக் கொண்டுவரும் சம்சாரிகளிடம் வாங்கும்போது பார்த்திருக்கிறாய். பருத்தி கொண்டுவந்த பரளச்சி அழகுத்தாய், எங்க வேர்வைக்கும் சேத்துக் கழிக்கிறீகளா மொதலாளி என்று ஒரு தரம் கேட்டாள், நீகூட சாக்கின்மேல் உட்கார்ந்து சிரித்தாய். ஏன் தெளிக்கிறோம் என்பதையும் எழுதிக்கொள். கம்பெனி எடையில் நூற்றுக்கு இரண்டு ஈரக்கழிவு என்று எல்லோருக்கும் பிடிக்கிறது. காய்ந்த பஞ்சுக்கும் பிடிக்கிறது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் தலைச்சுமையாக வியாபாரம் தொடங்கின புதிதில் நான் காய்ந்த பஞ்சுதான் போட்டேன், இரண்டு போயிற்று. அடுத்த வருஷம் இரண்டுக்குத் தெளித்தேன். இந்த மாசியில் விலை இறங்கிக் கிடந்தது, நாலுக்குத் தெளித்தேன். முதல் இரண்டுக்கு நான் யாருக்கும் பதில் சொல்ல மாட்டேன். பிந்தின இரண்டும் திருட்டுத்தான். நீ எழுதின வார்த்தை சரி.

சங்கரபாண்டியன் வேறு வழியும் வைத்திருந்தார். உங்கள் மகனுக்கு ஒரு தந்தி அடியுங்கள், வழியில் மழை பட்ட ஈரம், நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன் என்று அவன் எழுதிக் கொடுத்துவிட்டால் உங்கள் பெயர் பம்பாய்க்குப் போகாது, எல்லோருக்கும் நல்லது என்றார். உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் சத்தம் போடுவாள் என்று நினைத்தேன், போடவில்லை. பெயர் தெரிந்தால் பிள்ளைக்குச் சோறு போடுவதை நிறுத்திவிடுவார்களா என்று மட்டும் கேட்டாள். பிறகு, அவன் கன்னம் பொய் சொல்லிச்சுன்னு அவனையே எழுதச் சொல்றதா என்றாள். நான் கடைக்குத் திரும்பிப் போய்விட்டேன்.

தந்தி அடிக்க மாட்டேன் என்று சங்கரபாண்டியனிடம் சொல்லிவிட்டேன். சரக்கின் கணக்கை, விலை பேசுகிற வழக்கம்போலத் துண்டைப் போட்டு அதற்குள் விரலைப் பிடித்துத்தான் பேசினோம். சங்கரபாண்டியன் விரலை எண்ணாமல், என்ன செட்டியாரே, கையெல்லாம் ஈரமா இருக்கு, இதுக்கு நூத்துக்கு எத்தனை கழிக்க என்றார். துண்டை எடுத்துவிட்டேன். கை மறைத்துப் பேசுகிற பேச்சு இல்லை இது, எல்லோரும் கேட்கட்டும் என்று வாயால் பேசி முடித்தேன். என் பெயர் இன்றைய தபாலில் பம்பாய்க்குப் போகிறது. விற்றவன் பையனுடைய தகப்பன், பையனுக்கு ஒன்றும் தெரியாது என்று நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இது கிடைத்த உடனே, அந்தக் கடிதத்தைத் துரை பிரிப்பதற்கு முன்னால் நீயே அவரிடம் போய்ச் சொல்லிவிடு. அவர் உன்னை அனுப்பிவிடலாம். அனுப்பினால் வா, கடை இருக்கிறது, ஆனால் நான் கூப்பிடுகிறேன் என்று நினைத்து வராதே. வைத்துக்கொண்டால் மீதிப் பன்னிரண்டு நாளும் இருந்து ரிப்போர்ட்டை முடி. நாலையும் எழுது, காய்ந்த பஞ்சுக்குப் பிடிக்கிற அந்த இரண்டையும் விடாமல் எழுது. அதை எழுதினால் துரை முதுகில் தட்டுகிறாரா என்று பார்க்கலாம்.

உன் ரூம் ஹூப்ளிக்காரன் நம் வீட்டுக் கன்னடத்தைக் கேட்டுச் சிரிக்கிறான் என்றாயே, சிரிக்கட்டும், அவனோடு சண்டை வேண்டாம், அவன் அடுப்பில்தானே உனக்கும் சாப்பாடு. எண்ணெய் தேய்த்துக் குளி. எனக்கு இந்த வருஷம் உடம்பு அசதியாக இருக்கிறது, வேறொன்றும் இல்லை. அம்மன் உன்னைக் காப்பாற்றுவாள், தலை நிமிர்ந்து நட. துரையிடம் சொன்னதும் என்ன ஆயிற்று என்று ஒரு கார்டு போடு, அம்மா தபால்காரனை வழிமறிக்கிறாள்.

உன் அப்பா,
வேங்கடபதி

பி.கு. பேசி முடித்தது இது. பதினெட்டுப் பேலும் திரும்ப என் சரக்கு, வாங்கின பணத்தை நான் திருப்பிக் கொடுக்க வேண்டும், போக வர ரயில் சத்தக்கூலி என்னது. இனி நான் போடுகிற பஞ்சைச் சங்கரபாண்டியன் நம் கடை வாசலிலேயே நாலு பேர் பார்க்கக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். ஈரமிருந்தால் நூற்றுக்கு ஐந்து கழிவு. காய்ந்திருந்தால் கழிவு இல்லை.