லீவர் கிடைத்துவிட்டது, மாமி

என் செல்ல மாமிக்கு,

லீவர் கிடைத்துவிட்டது. நாம் இருவரும் டோக்கியோவில் கடை கடையாக ஏறி இறங்கித் தேடி, கடைசியில் தப்பானதை வாங்கிக்கொண்டு வந்தோமே, அந்த ரயில் லீவர்தான். இந்த முறை சரியானது. பிளக் பொருந்துகிறது. இதை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

தனியாக எழுதி உங்கள் படத்துக்கு முன்னால் வைத்திருக்கலாம். ஊர் படிக்க எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. உங்கள் முப்பத்தோராம் நாளுக்கு அச்சடித்த நினைவு மலரில் எல்லோரும் எழுதினார்கள்: பக்தியானவர், பொறுமைசாலி, கூழ் காய்ச்சுவதில் கெட்டிக்காரி. எல்லாம் உண்மை. பொறுமையில் மட்டும் எனக்குக் கொஞ்சம் சந்தேகம். ஆனால் எழுபது வயதில், மில்லிக்கன் பகுதியில் இருக்கும் நம் வீட்டு பேஸ்மென்டில், பனிக்காலம் முழுக்க நீங்கள் ரயில் ஓட்டினீர்கள் என்று ஒருவரும் எழுதவில்லை.

உங்கள் மகன் குகனைக் கல்யாணம் செய்துகொண்டு திருச்சியிலிருந்து வந்தபோது எனக்கு உங்களைக் கண்டாலே பயம். நீங்கள் பேசுவது எனக்குப் பாதிதான் புரியும். "அத்தை" என்று கூப்பிட்டால் திரும்பியே பார்க்கமாட்டீர்கள். "அத்தையெண்டு ஆரைக் கூப்பிடுறாய் பிள்ளை? நான் உனக்கு மாமி." அவ்வளவுதான், திரும்பவும் மௌனம். எனக்கு அப்போது வேலை கிடைக்கவில்லை. குகன் காலையில் போனால் மாலையில்தான் வருவார். வெளியே பனி. உள்ளே நாம் இரண்டு பேர், ஆளுக்கொரு தேநீர்க் கோப்பையோடு.

குகனின் நண்பர் ஒருவர் வீடு மாறும்போது பழைய கேம் மெஷினையும் ஒரு பெட்டி நிறைய ஜப்பானிய டிஸ்குகளையும் நம்மிடம் தள்ளிவிட்டுப் போனார். பொழுது போகாமல் ஒருநாள் நான் ஒன்றைப் போட்டேன். திரையில் தண்டவாளம். டிரைவர் இருக்கையிலிருந்து பார்ப்பது போல. நேரத்துக்குப் புறப்பட வேண்டும், பிளாட்பாரத்தில் கோடு போட்ட இடத்தில் சரியாக நிறுத்த வேண்டும். ஒரு லைனை ஓட்டி முடித்தால்தான் அடுத்த லைன் திறக்கும். நான் ஒவ்வொரு ஸ்டேஷனையும் தாண்டிப் போய்த்தான் நின்றேன்.

நீங்கள் உடுப்புக் கூடையோடு படியிறங்கி வந்தீர்கள். நின்றீர்கள். கூடையைக் கீழே வைத்தீர்கள். "தள்ளியிரு பிள்ளை" என்றீர்கள்.

அன்றைக்குத்தான் எனக்கு மாமாவைப் பற்றித் தெரிந்தது. "இவர் முப்பது வரியம் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் ரயில் ஓட்டினவர். ஒருக்கா எஞ்சினுக்குள்ளை ஏறிப் பாக்கவேணும் எண்டு எத்தினை தரம் கேட்டிருப்பன். பொம்பிளையளுக்கு உதுக்குள்ளை என்ன வேலை எண்டு சிரிப்பார்." சொல்லிக்கொண்டே நீங்கள் மூன்றாவது ஸ்டேஷனில் கோட்டின் மேலேயே நிறுத்தினீர்கள். நான் கைதட்டினேன். அதற்குப் பிறகு நம் வீட்டில் பேச்சு ஓய்ந்ததே இல்லை, இல்லையா?

பட்டனை அழுத்தி அழுத்தி உங்கள் பெருவிரல் வீங்கியது. டிஸ்க் அட்டையில் ஒரு படம் இருந்தது: இரண்டு கைப்பிடிகள் வைத்த ஒரு பெட்டி, வேகத்துக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று. ஜப்பானில் மட்டும் விற்றது, அங்கேயும் நிறுத்தி வெகுகாலம் ஆகிவிட்டது என்று குகன் விசாரித்துச் சொன்னார். "உது இல்லாமல் ரயில் ஓட்டுறது அகப்பை இல்லாமல் கறி காய்ச்சுற மாதிரி" என்று நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள்.

எனக்கு வேலை கிடைத்து, ஆபீஸ் என்னை இரண்டு வாரம் டோக்கியோவுக்கு அனுப்பியபோது, "தனியப் போகக்கூடாது, துணைக்கு நான் வாறன்" என்றீர்கள். யாருக்கு யார் துணை என்று குகன் சிரித்தார்.

சேலைக்கு மேல் குளிர் ஜாக்கெட்டோடு நீங்கள் அந்தப் பழைய பொருள் கடைகளில் நடந்தது என் கண்ணிலேயே நிற்கிறது. ஆறு மாடிக் கடைகள், தரையிலிருந்து கூரை வரை கேம்கள், ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் உறையில் புதிது போல. ஒரு விற்பனையாளரிடம் நீங்கள் கையால் லீவரை இழுத்துக் காட்டி, வாயால் "கூ..." என்று ஊதினீர்கள். அவர் பணிவாகக் குனிந்து நம்மைப் பொம்மை ரயில்கள் வைத்த அலமாரிக்குக் கூட்டிப்போனார். நாம் அங்கேயே நின்று கண்ணீர் வரும்வரை சிரித்தோம்.

பழுதான சாமான்களைக் கொட்டி வைக்கும் பெட்டிகளுக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்துவிடுவீர்கள். சிக்குப்பட்ட வயர்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, சுற்றி, அழகாகத் திருப்பி வைப்பீர்கள். கடைக்காரர்கள் உங்களுக்கு நன்றி சொன்னார்கள். கடைசி நாள் ஒரு பெட்டியின் அடியில் லீவர் கிடைத்தது. விமானத்தில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தீர்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் அது வேறொரு மெஷினுக்கான பிளக். நான் அழுதுவிட்டேன். நீங்கள்? "பரவாயில்லை பிள்ளை. எங்கடை ஊரிலையும் சண்டையாலை ரயில் ஓடுறேல்லைத்தானே" என்றீர்கள்.

போன தை மாதம், காலைத் தேநீர் குடித்துவிட்டு பேஸ்மென்டுக்குப் போனீர்கள். கதிரையில் சாய்ந்தபடியே போய்விட்டீர்கள். வன்னியில் இருந்த உங்கள் தங்கை கமலா மாமியின் போன் அதற்கு முன்பே நின்றுபோயிருந்தது. அவருக்குச் சொல்ல வழியில்லை. அவர் இருக்கிறாரா என்றே எங்களுக்குத் தெரியாது.

சண்டை முடிந்துவிட்டது மாமி. வைகாசியில். அது எப்படி முடிந்தது என்பதை இந்தக் கடிதத்தில் எழுத எனக்குக் கை வரவில்லை. குகன் நாள் முழுக்க போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

ஆனி மாதம் ஆபீஸ் என்னை ஒசாகாவுக்கு அனுப்பியது. தேடக்கூடாது என்றுதான் போனேன். ஆனால் கால் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, நகரத்துக்கு வெளியே ஒரு சின்னக் கடை, ஒரு முதியவர். பெட்டியோடு, அட்டைப்படத்தில் இருந்தது போலவே, கண்ணாடி அலமாரிக்குள் இருந்தது. பிளக்கை மூன்று முறை பார்த்தேன். முதியவர் அதை அங்கிருந்த டிவியில் மாட்டி, ஓட்டுங்கள் என்று கை காட்டினார். நான் வழக்கம்போல பிளாட்பாரத்தைத் தாண்டிப் போனேன். அவர் பொறுக்கமுடியாமல் லீவரை வாங்கி, உங்களைப்போலவே கோட்டில் நிறுத்திவிட்டு, குழந்தை மாதிரி சிரித்தார். எனக்கு அந்த மனிதரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

இனி பெரிய செய்தி. ஆடியில் ஒரு சனிக்கிழமை காலை போன் வந்தது. கமலா மாமி! சண்டைக்குப் பிறகு சனங்களை அடைத்து வைத்திருக்கும் முகாமிலிருந்து, யாரோ ஒருவருடைய போனில். "சின்னம்மா, சின்னம்மா" என்று இரண்டு முறை கூப்பிட்டார் குகன். போனை என் கையில் கொடுத்துவிட்டார்.

"அக்காவைக் குடு பிள்ளை" என்றார் அவர். நான் குகனைப் பார்த்தேன். "அக்கா எங்கை?"

"மாமி தையிலை தவறிட்டா" என்றேன். அவர் அழுதார். நானும் அழுதேன். பிறகு மெல்லக் கேட்டார்: "வருத்தமாக் கிடந்தவவோ, ஆஸ்பத்திரியிலை?"

"இல்லை மாமி. ரயில் ஓட்டிக்கொண்டு இருந்தா."

"என்ன ஓட்டினவ?"

டிவி, கேம், டோக்கியோ, தப்பான பிளக், இப்போது கிடைத்த லீவர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். மறுமுனையில் கேட்டது சிரிப்பு, மாமி. உங்களுடைய அதே சிரிப்பு. "அத்தான் எஞ்சினிலை ஏத்தேல்லை எண்டு, தானே ஓட்டிப்போட்டுத்தான் அக்கா போயிருக்கிறா!" பக்கத்தில் யாரிடமோ அதைத் திருப்பிச் சொல்லிச் சிரித்தார். இங்கே குகன் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். எங்கள் வீட்டில் எத்தனை மாதத்துக்குப் பிறகு!

"எல்லாம் ஓட்டி முடிச்சவவோ?" என்று கேட்டார்.

"கடைசி லைன் ஒன்று மிச்சம் இருக்கு மாமி."

"அப்ப அதை ஒருத்தரும் தொடாதேங்கோ. நான் வந்து ஓட்டுறன்."

குகன் பேப்பர் வேலைகளைத் தொடங்கிவிட்டார். எவ்வளவு காலம் ஆகும் என்று தெரியவில்லை, முகாமை எப்போது திறப்பார்கள் என்றும் தெரியவில்லை. ஆனால் உங்களுக்கு வாக்குத் தருகிறேன்: கமலா மாமியை இந்த வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்போம். அதுவரை லீவரைத் தூசி தட்டி வைத்திருப்பேன். அந்தக் கடைசி லைனை நான் தொடமாட்டேன், குகனையும் தொட விடமாட்டேன்.

உங்களோடு கடையேறிய மருமகள்,
தேன்மொழி