கரும்பாறை இனிப் பாடாது

ஆவணி 3, செவ்வாய்

காலை எட்டு மணிக்கே வெயில் கொளுத்துகிறது. தொண்டைக் கட்டு. வாயில் அதிமதுரம்.

கைப்பேசியில் ஓர் அழைப்பிதழ். ஒத்தக்கடைக் கல்லூரியில் மாணவர் விழா, சனி மாலை ஆறு மணி. ‘கரும்பாறை மீண்டும்!’ எனக் கொட்டை எழுத்து. வாழ்த்துரை என்று என் பெயர். என்னைக் கேட்கவே இல்லை.

கரும்பாறை எங்கள் குழு. கல்லூரி நாளில் தொடங்கியவர் நால்வர். குரல் தவமணி. கிதார் முத்துக்காளை. டிரம்ஸ் வின்சென்ட். பாட்டெழுதியவன் நான், பாட்டுகளுக்கிடையே முழங்கியவனும் நானே. அந்த முழக்கமே என்னைக் கட்சி மேடைப் பேச்சாளனும் ஆக்கியது. ராக் என்பதைப் பாறையிசை ஆக்கி ஊர் ஊராகச் சென்றோம். ஒன்பது பாட்டு. ஒன்றிலும் அயற்சொல் இல்லை.

தவமணி மறைந்து ஆறாண்டு. வின்சென்ட் மகனோடு கனடாவில். தவமணியின் இரங்கல் கூட்டத்தில் நான்தான் முடிவுரை. “அவனோடு கரும்பாறையும் கண்மூடியது. கரும்பாறை இனிப் பாடாது!” என்றேன். அரங்கமே கைதட்டியது. இரங்கல் கூட்டத்தில் கைதட்டல்!

இப்போது முத்துக்காளை ஒருவன் மட்டும் எஞ்சி நிற்க, மூன்று புதியவர்களை, பாடுவதற்கு ஒரு பெண்ணையும், சேர்த்துக்கொண்டு அதே பெயராம்.

சினம். அவனை அழைத்தேன்.

“யாரைக் கேட்டு என் பெயரைப் போட்டாய்?”

“ஒன்னையக் கேட்டா வரமாட்டேம்ப மாப்ள. அதான் கேக்கல.”

“வந்தால் மேடையிலேயே மறுப்பேன்.”

“மறு. மேடையில சொன்னத மேடையிலதான் தீக்கணும். போன்ல என்னத்துக்கு முழங்குற?”

வைத்துவிட்டான்.

ஆவணி 4, புதன்

குடிநீர்க் குழாயில் இன்றும் காற்றுதான். மின்கட்டணம் கட்ட மறந்தேன்.

சனிக்கான உரை. குறிப்புகள்:

– பெயர் யாருடையது? உருவாக்கிய நால்வருடையது. ஒருவனுடையதன்று.
– பழைய பெயரைக் காட்டிப் புதிய ஆளை நிறுத்துவது, கேட்க வருவோரை ஏய்ப்பது.
– இறந்தவன் குரலுக்கு மாற்று உண்டா? (இங்கே குரலைத் தாழ்த்துக.)
– சொன்ன சொல் காத்தல். (உயர்த்துக.)
– முடிவு?

கண்ணாடி முன் இருமுறை பேசிப் பார்த்தேன். பன்னிரண்டு மணித்துளி. எட்டாகக் குறைக்க வேண்டும். முடிவு அமையவில்லை.

ஆவணி 5, வியாழன்

நேரில் சொல்லி நிறுத்திவிடலாம் என்று பேரையூர் சென்றேன். பேருந்தில் வழிநெடுக நின்றபடி. முத்துக்காளையின் பேட்டரிக் கடை. அமில நெடி. வெளியே இழுவை வண்டிக்காரர் ஒருவர் காத்திருந்தார்.

என் வாதங்கள் அனைத்தையும் அடுக்கினேன். கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

“ஒங்க கட்சிய ஆரம்பிச்ச ஆளுகள்ல இப்ப எத்தன பேரு இருக்காக?”

“எவருமில்லை.”

“கொடிய எறக்கிட்டீகளா?”

“அது கொள்கை. ஆளை நம்பி நிற்பதன்று.”

“எங்ககிட்ட ஒம்பது பாட்டு இருக்கு. அது மட்டும் ஆள நம்பி நிக்கணுமாக்கும்?”

வண்டிக்காரர் உள்ளே தலையை நீட்டினார். “அண்ணே, கட்சி கெடக்கட்டும். என் பேட்டரி ஏற இன்னும் எம்புட்டு நேரம்?”

வண்டிக்காரருக்கு வழிவிட்டு ஓரமாக நின்றேன். நாற்பதாண்டு மேடையில் இப்படி நின்றதில்லை.

முத்துக்காளை இடக்கையை நீட்டினான். இரு விரல்கள் மடங்க மறுக்கின்றன.

“காலையில சுடுதண்ணியில வச்சாத்தான் அசையுது. ஆறு வருசமா நீ சொன்ன சொல்லுக்காக கிதார உறைக்குள்ளருந்து எடுக்கல. கல்யாண வீட்டுக்குக் கூப்டாக, கோயில் கொடைக்குக் கூப்டாக. சபையில சொல்லியாச்சுன்னு ஒண்ணுக்கும் போகல. இன்னும் எம்புட்டு நாளைக்கு இந்த வெரலு ஓடும்?”

“வேறு பெயரில் வாசித்திருக்கலாமே?”

“வேற பேருல நான் யாரு?”

திரும்பும் வழியில் முடிவுரைக்கு ஒரு நல்ல வரி தோன்றியது. எழுதிக்கொள்ளவில்லை.

ஆவணி 6, வெள்ளி

தவமணியின் மனைவி மல்லிகா என் பக்கம் நிற்பார் என்ற உறுதியோடு கே.கே. நகர் சென்றேன். மருத்துவமனை ஒன்றின் வரவேற்பில் பணி. நோயாளிகளுக்கு நடுவில்தான் பேச முடிந்தது.

“உங்கள் கணவர் பாடியதை வேறொருத்தி பாடப்போகிறாள். ஒரு சொல் சொல்லுங்கள், நிறுத்திவிடுகிறேன்.”

“பதினேழாம் டோக்கன் யாருங்க? உள்ள போங்க.” பிறகு என்னைப் பார்த்தார். “நான் கேக்க மாட்டேண்ணே. என்னால ஆகாது. நாளைக்கு டிவியச் சத்தமா வச்சுக்கிட்டு உக்காந்துக்கிருவேன். அதுக்காகப் பாடுறவுகளப் பாடாதீகன்னு சொல்லுவேனா?”

“இரங்கல் கூட்டத்தில் நான் அதைச் சொன்னபோது முன்வரிசையில் அழுதீர்களே?”

“அவுக செத்துப் பதினோரு நாளுண்ணே. அன்னைக்கு நீங்க வாய்ப்பாடு சொல்லியிருந்தாலும் அழுதிருப்பேன்.”

பின்னால் நின்ற ஓர் அம்மாள் சிரிப்பை முந்தானையில் மறைத்தார்.

“எங்க யாரையும் கேட்டாண்ணே அன்னைக்குச் சொன்னீக?”

கேட்கவில்லை.

இங்கே மட்டும் எழுதுகிறேன். அந்த வரி உறுதிமொழியாகப் பிறந்ததன்று. எனக்கு முன் பேசியவர் அரங்கத்தை அள்ளிச் சென்றிருந்தார். அவரை விஞ்ச ஒரு முடிவு தேவைப்பட்டது. மேடைப் படியேறும்போது தோன்றியது, சொன்னேன். ஒருவன் ஆறாண்டு வாசிக்காமல் இருந்திருக்கிறான்.

எட்டு மணித்துளி உரையைக் கிழித்தேன். பின் ஒட்டினேன். நாளை எதைப் பேசுவது?

ஆவணி 7, சனி

மூட்டம். மழையில்லை. வெள்ளைச் சட்டையில் அதிமதுரக் கறை, வேறு மாற்றினேன்.

மேடைக்குப் பின்னால் புதிய பாடகி வணங்கினாள். செல்வி. பள்ளியொன்றில் உடற்கல்வி ஆசிரியை. கழுத்தில் இன்னும் ஊதல் தொங்கியது. முத்துக்காளை வெந்நீர்க் கிண்ணத்தில் கையை வைத்திருந்தான். என்னைப் பார்த்தான். உரை சட்டைப்பையில்.

ஒலிபெருக்கி முன் நின்றேன். ஆயிரம் முகம். தாளை எடுக்கவில்லை.

“ஆறாண்டுக்கு முன் ஓர் அவையில், கரும்பாறை இனிப் பாடாது என்றேன். எவரையும் கேளாமல் சொன்னேன். கைதட்டலுக்காகச் சொன்னேன். அந்தச் சொல்லை இந்த அவையில் திரும்பப் பெறுகிறேன்.”

ஒரு கைகூடத் தட்டவில்லை. முன்வரிசையில் ஒரு மாணவன்: “யார்றா இவரு? எதத் திரும்ப வாங்குறாரு?” மற்றவன்: “தெரியல மாப்ள. சீக்கிரம் பாட்டப் போடச் சொல்லு.”

கீழே இறங்கினேன். முத்துக்காளை கையை வெந்நீரிலிருந்து எடுத்துத் தன் வேட்டியில் துடைத்து, என் தோளில் ஒரு முறை வைத்தான். சூடு. மேடையேறிவிட்டான்.

முதற்பாட்டின் நடுவே ஒரு விரல் தவறியது. நிறுத்தினான். “மன்னிச்சுக்கங்கப்பா, துருப்பிடிச்ச வெரலு” என்று சிரித்துவிட்டு மீண்டும் தொடங்கினான். தவமணி இருந்திருந்தால் அடித்திருப்பான். கூட்டம் ஆர்ப்பரித்தது.

ஆவணி 8, ஞாயிறு

இரவு தூறியிருக்கிறது. கொடியில் போட்ட துணி நனைந்து கிடந்தது. மின்கட்டணம்: நாளை கட்டாயம்.

பத்து மணிக்கு முத்துக்காளையின் அழைப்பு. “மாப்ள, தேனியில கூப்டுறாக. ஒம்பது பாட்ட வச்சுக்கிட்டு எம்புட்டு ஊருக்குப் போறது? புதுசா எழுதிக் குடு.”

“தவமணி இல்லாமலா?”

“அவன் பாட மாட்டான்ல. செல்விதான் பாடணும். அவளுக்கு எழுது.”

வைத்துவிட்டான். எப்போதும் அவன்தான் முதலில் வைக்கிறான்.

அமர்ந்தேன். நான்கு வரி. நான்கும் தவமணி மூச்சு வாங்கும் இடத்திலேயே நிற்கின்றன. அடித்தேன். மறுபடி நான்கு. அதே மூச்சு. அடித்தேன்.

செல்வியின் குரலை நினைவுகூர முயன்றேன். இல்லை. நேற்று முழுவதும் முத்துக்காளையின் விரலையே பார்த்து நின்றிருக்கிறேன். அவள் பாடியது காதில் ஏறவே இல்லை.

முத்துக்காளையிடம் எண் வாங்கி அவளை அழைத்தேன். ஏதேனும் ஒரு வரி பாடிக் காட்டச் சொன்னேன்.

“இப்பவாண்ணே? பஸ்ல இருக்கேன். ஆளுக நிக்கிறாக.”

“நிற்கட்டும், பாடுங்கள்” என்றேன்.