ஜாடி இன்னும் ஊறட்டும்

அப்பா,

சாப்பாடு மூடி வெச்சிருக்கேன், சுட வெச்சுச் சாப்பிடுங்க. சாவி செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னாடி.

என் தேன் பாட்டில் முழுசும் உங்க புகையிலை ஜாடிக்குள்ள போனது நேத்துதான் தெரிஞ்சுது. நான் கத்தினது அதிகம்தான். ஆனா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

நீங்க புகையிலையை ஊறப் போட்டு நாற்பது நாள் இன்னையோட முடியுது. நாலு மணிக்கு உங்க கூட்டாளி சலூன்காரர் வருவார், ரெண்டு பேரும் ஜாடியைத் திறந்து பத்த வெச்சுப் பார்ப்பீங்க. வேண்டாம்ப்பா. காலையில நானே மோந்து பார்த்தேன். இலையோட காரநெடி போயிடுச்சு, தேன் நல்லாவே இறங்கியிருக்கு. ஆனா ஏதோ ஒண்ணு குறையுது. ஜன்னல்ல காயுற ஆரஞ்சுத் தோலைப் பொடிச்சு, நாலு கிராம்போட உள்ள போட்டு, இன்னொரு நாற்பது நாள் ஊற விடுங்க. அவருக்கு டீ மட்டும் போட்டுக் கொடுங்க.

சாயங்காலம் தேன் ரெண்டு பாட்டில் வாங்கிட்டு வரேன். ஒண்ணு ஜாடிக்கு.

அடிச்சு எழுத இடமில்ல, உண்மையைச் சொல்லிடறேன்: ஒண்ணும் குறையல. கடைச் சிகரெட்டைத் தொட மாட்டேன், என் கையால பக்குவம் பண்ணினதைத்தான் பிடிப்பேன்னு சொன்னீங்க இல்ல? அது ஊறுற இந்த நாற்பது நாளா வீட்டுல உங்க இருமல் சத்தமே இல்லப்பா.

கிராம்பு சரியா வரலைன்னா, அதுக்கடுத்த நாற்பது நாளுக்கு ஏலக்காய் இருக்கு.