நாசல் தெரு வாசற்கல்லைத் திரும்பப் பதிக்கக் கோரி

அனுப்புநர்:
தீர்கமான் அமாத்ய,
வரலாற்று ஆசிரியர் (விருப்ப ஓய்வு),
நாசல் தெரு, லுன்பூர்.

பெறுநர்:
நிர்வாக அதிகாரி அவர்கள்,
லுன்பூர் நகராட்சி.

பொருள்: மரபுப் பாதுகாப்பு என்ற பெயரில் பெயர்த்துச் செல்லப்பட்ட என் வீட்டு வாசற்கல்லை, மகன் திருமணத்துக்கு முன் திரும்பப் பதித்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தாங்கள் தெற்குச் சமவெளியிலிருந்து மாற்றலாகி வந்தவர் என்பதால் சொல்கிறேன். நேவார் இனத்தவரான எங்கள் வீடு கதவில் தொடங்குவதில்லை. கதவுக்கு எதிரே தெருவில் பதித்த பிகாலக்கு என்னும் கல்லில் தொடங்குகிறது. அதில் குமாரக் கடவுள் உறைவதால், காலைப் பூசையின் முதல் பூ அதற்கே. எங்கள் வீட்டுப் பிணங்கள் அதைக் கடந்தே போயின. மருமகள்கள் அதைக் கடந்தே வந்தார்கள்.

2. தசைன் பண்டிகை முடிந்த கையோடு, தெருவுக்குச் செங்கல் பாவ வந்த ஆட்கள் அதைப் பெயர்த்தார்கள். தடுத்தேன். உடனிருந்த வார்டு உறுப்பினர் புண்யராம், "வாத்தியாரே, சும்மா இரும். உம்ம கல்லுக்கு யோகம் அடிச்சிருக்கு, கண்ணாடிப் பெட்டிக்குப் போகுது!" என்று சிரித்தார். அவர் வீட்டுக் கல் மட்டும் அசையவில்லை. பள்ளியில் என் பக்கத்தில் அமர்ந்து என் விடைத்தாளைப் பார்த்து எழுதித் தேறியவர், இன்று எனக்கு மரபு சொல்லித் தருகிறார்.

3. அக்கல் இப்போது தங்கள் மரபுக் கூடத்தில், 'உடைந்த திருகைக் கல்' என்ற பலகையோடு இருக்கிறது. குமாரக் கடவுளை மாவரைக்க விட்டவர் எங்கே படித்தார் என அறிய விரும்புகிறேன். பூவும் குங்குமமும் கொண்டுபோன என் மனைவியைக் காவலாளி, "அக்கா, காட்சிப் பொருளுக்குப் பொட்டு வெக்கக் கூடாது. வேணும்னா பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கங்க" என்று மறித்தார். "என் சாமியத் தொட உன்கிட்டக் கேக்கணுமாடா?" என்று கேட்டுவிட்டு அவள் அழுதபடி திரும்பினாள்.

4. முறையிட்டதற்குத் தங்கள் பொறியாளர் சொன்ன பதில்: "அதே அளவுல புதுக் கல்லு போட்டுத் தர்றோம்." தங்கள் தாயாரைக் கொண்டுபோய்விட்டு, அதே உயரத்தில் வேறொரு பெண்மணியைத் தந்தால் தாங்கள் ஏற்பீர்களா? பொறுத்தருளவும்.

5. மங்சீர் மாதம் 12 அன்று என் மகன் திருமணம். வாசற்கல்லருகே மாமியார் எதிர்கொள்ளாத பெண்ணை எங்கள் தெருவில் எவரும் மருமகளாக ஏற்கமாட்டார்கள். "எங்க பொண்ண எங்க நிக்க வெப்பீங்க?" என்று சம்பந்தி கேட்கிறார்.

ஆகவே, அதற்குள் கல்லை அதன் இடத்தில் பதிக்க ஆணையிட வேண்டுகிறேன். தவறினால், திருமண ஊர்வலம் மேளத்தோடு தங்கள் கூடத்துக்கே வரும். மாமியார், வீட்டுச் சாவியின் ஒரு முனையை நீட்ட, மணப்பெண் மறுமுனையைப் பற்றி உள்ளே நுழைவது எங்கள் வழக்கம். அது அங்கேயே நடக்கும். கல் எங்கேயோ அங்கேதான் வீடு. மறுநாள் முதல் மருமகள் அங்கேதான் அடுப்பு மூட்டுவாள். மாலையில் பூட்ட வரும் காவலாளியைச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரச் சொல்லிவையுங்கள்.

இடம்: லுன்பூர்
நாள்: மங்சீர் 4

இப்படிக்கு,
வாசலற்ற வீட்டுக்காரன்,
தீர்கமான் அமாத்ய
(ஒப்பம்)